கறுப்பு சார்ட் கரகாட்டம்: மேளம் முந்துது, பொம்மை பிந்துது

கத்தரிக்கோல் | 8 ஜூன் 2025

கறுப்பு சார்ட்ல கரகாட்டப் பொம்மை வெட்டி, கண்ணாடிக்கு அடியில லைட் போட்டு, மேல போனை மாட்டி, பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, நிழல் அனிமேஷனுக்கு ஒவ்வொரு படமா எடுத்தாச்சு. செகண்டுக்கு 12 படம். நையாண்டி மேளத் துண்டு 45 செகண்ட். நிமிஷத்துக்கு 106 தட்டுன்னு ஆப் சொல்லுது. 720ஐ 106ஆல வகுத்தா 6.79 வருது, அதனால தட்டுக்கு 7 படம்னு வச்சேன். முதல் அஞ்சு செகண்ட் பரவாயில்ல. கடைசியில மேளம் ஓஞ்ச பிறகும் பொம்மை ஒரு செகண்டுக்கு மேல தனியா ஆடிக்கிட்டு நிக்குது. ஆப் கோளாறா, போன் கோளாறா?

தாளக்கணக்கு | 8 ஜூன், ராத்திரி

ரெண்டும் இல்ல தம்பி, வகுத்தல் கோளாறு. 6.79ஐ 7 ஆக்கினப்பவே ஒவ்வொரு தட்டுக்கும் 0.21 படம் கடன் வச்சுட்டீங்க. 45 செகண்ட்ல சுமார் 80 தட்டு. கடன் சேர்ந்து 16 படத்தைத் தாண்டிரும். 12 படம் ஒரு செகண்ட். மிச்சத்தை நீங்களே போட்டுக்குங்க.

தட்டுக்கு இத்தனை படம்னு தனித்தனியா முழுசாக்கக் கூடாது. மொத்தத்தைப் பெருக்கிட்டு, அப்புறம்தான் முழுசாக்கணும். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது எட்டுத் தட்டு கொண்ட ஒரு சுத்துக்கு: 0, 6.79, 13.58, 20.38, 27.17, 33.96, 40.75, 47.55, 54.34. இதை முழு எண்ணாக்கினா தட்டு விழுற படங்கள் 0, 7, 14, 20, 27, 34, 41, 48, 54. அதாவது இடைவெளி 7, 7, 6, 7, 7, 7, 7, 6. பொம்மை அங்கங்க ஒரு படம் கம்மியா நகர்றது யார் கண்ணுக்கும் தெரியாது. எந்தத் தட்டுலயும் பிசகு அரைப் படத்துக்கு மேல போகாது.

கட்டம் போட்ட கணக்கு நோட்டுதான் இதுக்கு லாயக்கு. ஒரு கட்டம் ஒரு படம். தட்டு விழுற கட்டத்துல சிவப்பு மை. கத்தியைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடியே நோட்டு முடிஞ்சிருக்கணும்.

தாளக்கணக்கு | 9 ஜூன்

இன்னொரு குறுக்கு வழி. ஆடாசிட்டின்னு சத்தத்தை எடிட் பண்ற மென்பொருள்ல சுருதி மாறாம வேகத்தை மட்டும் மாத்தலாம். 106ஐ 102.86க்கு இறக்கினா தட்டுக்குச் சரியா 7 படம். 3 சதவீதம்தான் குறையுது. அவ்வளவுக்கு தவில் அடி கெடாது. 8, 10 சதவீதம்னு போனா அடியோட முனை மழுங்கி, தகரத்தைப் பஞ்சால தட்டுன மாதிரி கேட்கும். வாசிச்சவரு கண்டுபிடிச்சுருவாரு, அது வேற சங்கதி.

இசையை நீங்களே பதிவு பண்ணப் போறீங்கன்னா வேகத்தை முதல்லயே படக்கணக்குக்குத் தோதா வாங்குங்க. செகண்டுக்கு 24 படக் கணக்குல 1440ஐ வேகத்தால வகுக்கணும்: 120க்கு 12, 96க்கு 15, 90க்கு 16, 80க்கு 18, 72க்கு 20, 60க்கு 24. நடையையும், அதாவது ஒரு தட்டை எத்தனையாப் பிரிக்கிறாங்கன்னும் பார்க்கணும்: திஸ்ரம்னா மூணு, சதுஸ்ரம்னா நாலு, கண்டம்னா அஞ்சு. 18 படத்துல திஸ்ரம் ஆறாறா அழகா உட்காரும், சதுஸ்ரம் நாலரையில தொங்கும். 16ல சதுஸ்ரம் சரி, திஸ்ரம் உடையும். 20 எடுத்தா கண்டத்துக்கு நாலு நாலு, சதுஸ்ரத்துக்கு அஞ்சஞ்சு. திஸ்ரமும் சதுஸ்ரமும் மாறி மாறி வர்ற துண்டுன்னா 12 இல்லாட்டி 24தான் தோது.

நாயனம் | 9 ஜூன்

அண்ணே, கணக்கெல்லாம் சரி. நையாண்டி மேளம் எந்த ஊர்ல 106லயே நின்னுச்சு? ஆரம்பிக்கிறப்ப 106, நடுவுல 112, கடைசியில 120ஐத் தொடும். ஆப் காட்டுறது சராசரி.

தாளக்கணக்கு | 10 ஜூன்

நாயனம் சொல்றது சரி, நான் எழுதினதைப் பாதி திரும்ப வாங்கிக்கிறேன். சீரா அடிக்கிற க்ளிக் சத்தத்தைக் காதுல கேட்டுக்கிட்டே வாசிச்ச பதிவுக்குத்தான் வகுத்தல் வேலைக்காகும். பந்தல்ல பதிவு பண்ண மேளத்துக்கு ஒவ்வொரு தட்டையும் தனியாக் குறிக்கணும்.

ஆடாசிட்டியில பாட்டை ஓடவிட்டுத் தட்டு விழுறப்பல்லாம் கன்ட்ரோலும் எம்மும் சேர்த்து அழுத்துங்க, அங்க ஒரு குறி விழும். கை எப்பவும் கொஞ்சம் பிந்தும். அதனால பெரிசாக்கிப் பார்த்து, அலை குத்துன்னு எழும்புற இடத்துக்கு ஒவ்வொரு குறியையும் இழுத்து வைக்கணும். 80 குறிக்கு முக்கால் மணி நேரம் ஆகும், சலிச்சுக்காதீங்க. அப்புறம் குறிகளை டெக்ஸ்ட் பைலா எடுத்தா செகண்ட் கணக்கு வரிசையா வரும். அதை 12ஆல பெருக்கி முழுசாக்கினா தட்டு விழுற பட எண். 8 ஜூன்ல எழுதின நோட்டு வேலை அப்படியே இருக்கு, எண் வர்ற வழிதான் மாறுது.

வேகமாத்துற குறுக்கு வழி இந்த மாதிரிப் பதிவுக்கு ஆகாது. வேகமே ஒண்ணா இல்லாதப்ப எதை மாத்துறது?

கத்தரிக்கோல் | 14 ஜூன்

குறி வச்சாச்சு. இப்ப தட்டுல கால் சரியா விழுது, ஆனாலும் பார்க்க லேசாப் பிந்துன மாதிரியே இருக்கே?

தாளக்கணக்கு | 14 ஜூன்

அது கண்ணும் காதும் போடுற சண்டை. அசைவு சத்தத்துக்கு ஒரு நூல் முன்னால இருந்தாத்தான் சேர்ந்து விழுந்த மாதிரித் தெரியும். கால் தரையைத் தொடுற படத்தை ஒரு கட்டம் முன்னாடி வைங்க.

தாளக்கணக்கு | 15 ஜூன்

நேத்து எழுதினது 24 படக் கணக்குக்கு. அதுல ஒரு படம்னா 42 மில்லி செகண்ட், சரி. நீங்க எடுக்குறது 12. ஒரு கட்டம் முன்னால போனா 83 மில்லி செகண்ட் ஆகிரும், பொம்மை அவசரக் குடுக்கையா ஆடும். படத்தைத் தொடாதீங்க. எடிட்ல பாட்டை மட்டும் 40 மில்லி செகண்ட் பின்னுக்குத் தள்ளுங்க. முதல் கட்டத்துலேயே தட்டு விழாம இருந்தா இன்னும் நல்லது, பொம்மை தயாராகுறதுக்கு நேரம் கிடைக்கும்.

தயாராகுறதுன்னா: கால் விழுறதுக்கு ரெண்டு படம் முன்னாடி முழங்கால் உச்சியில இருக்கணும். ஒரு படம் முன்னாடி பாதிக்கு மேல இறங்கியிருக்கணும். தட்டுல தரை. அடுத்த படமும் தரையிலேயே, இடுப்பு மட்டும் ஒரு மில்லிமீட்டர் அழுந்தணும். அந்த ஒரு மில்லிமீட்டர்தான் பொம்மைக்கு எடை குடுக்குது. அது இல்லேன்னா காத்துல பறக்குற பேப்பர்.

நாயனம் | 15 ஜூன்

தவில் உருட்டு வர்ற இடத்துல என்ன பண்ணுவீங்க? அத்தனை சொல்லுக்கும், அதாவது ஒவ்வொரு சின்ன அடிக்கும் ஆட்டமா?

தாளக்கணக்கு | 16 ஜூன்

முடியாது, கணக்கே விடாது. 106 வேகத்துல தட்டுக்கு எட்டுச் சொல்னா செகண்டுக்கு 14 அடி. நம்மகிட்ட இருக்கிறதே 12 படம்.

தவில்ல ரெண்டு குரல் இருக்கில்ல. இடப்பக்கத் தோலான தொப்பியில குச்சி விழுற கனத்த அடிக்குக் காலும் இடுப்பும். விரல்ல கூடு மாட்டி வலந்தலையில உருட்டுறதுக்குத் தோளும் மணிக்கட்டும். உருட்டு ஓடுறப்ப கையை ரெண்டே நிலைக்கு நடுவுல மாத்தி மாத்தி வைங்க, வித்தியாசம் 3 மில்லிமீட்டர் போதும். செகண்டுக்கு ஆறு நடுக்கம்தான் வருது, ஆனா காது மிச்சத்தை நிரப்பிக்கும். தலையில கரகம் மட்டும் அசையக் கூடாது. கரகாட்டத்தோட வித்தையே அதுதானே! கீழே எல்லாம் குலுங்கணும், கரகத்து உச்சியில இருக்குற கிளி மட்டும் குளத்துல மிதக்குற மாதிரி வழுக்கிக்கிட்டுப் போகணும். கிளி மூக்கு இருக்குற உயரத்துக்கு போன் திரையில ஒரு மெல்லிய டேப்பை ஒட்டிக்கிட்டா ஒவ்வொரு படத்துக்கும் சரிபார்க்கலாம்.

தீர்மானம் (முடிப்பு அடி) அடிச்சு மேளம் நிக்கிற இடத்துல நீங்களும் நிறுத்துங்க. அஞ்சு, ஆறு படம் ஒண்ணுமே தொடாதீங்க. புதுசா எடுக்குறவங்க அங்கதான் பயந்து எதையாவது ஆட்டிவிட்டுருவாங்க.

மூங்கில்குச்சி | 22 ஜூன்

குறுக்க வர்றேன். எங்க பொம்மையில கை உடம்புக்குக் குறுக்க வந்தா கையே காணாமப் போயிருது. மூட்டுலயும் வெளிச்சம் ஒழுகுது. கத்தரிக்கோல் எப்படி வெட்டுனீங்க?

தாளக்கணக்கு | 22 ஜூன்

கறுப்பு மேல கறுப்பு எப்படித் தெரியும்? நிழல் பொம்மைக்கு உள்பக்கம்னு ஒண்ணு கிடையாது, ஓரக்கோடு மட்டும்தான். கையை உடம்புக்கு வெளியே வச்சுத்தான் பேசவைக்கணும். முகம் எப்பவும் பக்கவாட்டு. மூக்கு, உதடு, மோவாய் மூணும் வானத்துல பதியணும். நேர்முகம் வெட்டினா அது பூசணிக்காய்.

கரகாட்டப் பொம்மை 20 சென்டிமீட்டர் உயரம்னு வச்சுக்குவோம். தலையும் கரகமும் சேர்ந்து ஒரு துண்டு, நெஞ்சு ஒண்ணு, இடுப்பும் பாவாடையும் ஒண்ணு. மேல்கை, முன்கை, உள்ளங்கை, தொடை, கெண்டைக்கால், பாதம் இதெல்லாம் ரெண்டு ரெண்டு. ஆக 15 துண்டு, 14 மூட்டு. இதுக்கு மேல உடைச்சா நகர்த்தி மாளாது. முதல் பொம்மைன்னா கரகமே வேணாம்னு சொல்வேன். பொய்க்கால் குதிரை வெட்டுங்க. இடுப்புக்குக் கீழ குதிரைக்கூடு மறைச்சுக்கும், அஞ்சாறு மூட்டுல ஆட்டம் வந்துரும்.

பேப்பர் 220லிருந்து 300 ஜிஎஸ்எம். ஸ்டேஷனரிக் கடையில சுருட்டி வச்சிருக்கிற சாதாரண கறுப்பு சார்ட் மெலிசு, அடி லைட்ல செம்பழுப்பா ஊடுருவும். ரெண்டை ஒட்டிக்கலாம். சிவகாசி அச்சகங்கள்ல கழிச்சுப்போடுற போர்டுத் துண்டு கிடைச்சா இன்னும் உசத்தி. அது கறுப்பா இருக்கணும்னுகூட அவசியமில்ல, ஒளி புகாம இருந்தாப் போதும். அடியில லைட் இருக்கிறப்ப கல்யாணப் பத்திரிகை அட்டையும் கறுப்புதான். என்ன, மேலயிருந்து அறை வெளிச்சம் விழக் கூடாது. விழுந்தா மாப்பிள்ளை பேரு தெரிஞ்சுரும்.

கத்திக்குப் பெரியாஸ்பத்திரிப் பக்கம் சர்ஜிகல் கடையில 11ஆம் நம்பர் பிளேடு, 3ஆம் நம்பர் கைப்பிடி. கத்தியைத் திருப்பாதீங்க, பேப்பரைத் திருப்புங்க. உள் வெட்டெல்லாம் முதல்ல, வெளிக்கோடு கடைசி. வெளியை முதல்ல வெட்டிட்டா பிடிமானம் போயி ஒட்டியாணம் கிழியும். நகை, கொசுவம் காட்டுற கீறல் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, குறைஞ்சா போன்ல அப்பிக்கும்.

மூட்டுக்கு வர்றேன். சேருற ரெண்டு முனையையும் ஒரே அளவு வட்டமா விடணும், துளை வட்டத்தோட நடு மையத்துல. அப்ப எந்தப் பக்கம் திருப்புனாலும் ஓரம் தொடர்ச்சியா இருக்கும், வெளிச்சம் ஒழுகாது. உங்க பொம்மையில துளை ஓரத்துல இருக்கும், பாருங்க. ஊசியால துளைச்சு, ஃப்யூஸ் வயரை நுழைச்சு, ரெண்டு பக்கமும் சின்னச் சுருளாச் சுத்தித் தட்டையா அமுக்குங்க. நூல் முடிச்சும் போடலாம், ஆனா ஒரு வாரத்துல தளரும். முன்கையை நகர்த்தினா மேல்கை கூட வரக் கூடாது, விட்டா அங்கேயே நிக்கணும். இறுக்கம் அவ்வளவுதான்.

மூங்கில்குச்சி | 24 ஜூன்

துளை ஓரத்துலதான் இருந்துச்சு. இது நம்ம தோல்பாவைக் கூத்து வகையறாதானே, அதுல இந்த மூட்டுப் பிரச்சினையெல்லாம் இல்லையே?

தாளக்கணக்கு | 24 ஜூன்

உறவுதான், ஆனா பங்காளி இல்ல. தோல்பாவை ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, வண்ணம் தீட்டி, திரைக்குப் பின்னால நிறுத்தி ஆட்டுறது. ஒளி ஊடுருவி நிறமே தெரியும், ஆட்டுறதும் பாடுறதும் நேரலை. நம்மது படுக்க வச்ச அட்டை, ஒளி புகாது, நேரத்தைத் துண்டு துண்டா வெட்டிச் சேர்க்குறது. ஜெர்மனியில லோட்டே ரைனிகர் இந்த முறையில எடுத்த முழுநீளப் படம் 1926ல வந்துச்சு. அந்தம்மா அட்டையோட மெல்லிய ஈயத் தகடும் சேர்த்தாங்க, பொம்மை கண்ணாடியில படிஞ்சு கிடக்கணும்னு. நமக்கும் அது உதவும்: சுருண்டு எழும்புற துண்டுக்கு அடியில தூண்டில் ஈயத்தைத் தட்டி டேப்பால ஒட்டலாம். வேலை முடிஞ்சதும் கையை சோப்புப் போட்டுக் கழுவணும், ஈயம் விஷம். எழும்புறதைத் தடுக்க மேல ஒரு கண்ணாடியை வச்சு அமுக்குறாங்களே, அதை மட்டும் செய்யாதீங்க. தூக்குறப்ப பொம்மை கூடவே ஒட்டிக்கிட்டு வரும்.

கத்தரிக்கோல் | 20 ஜூலை

ஆடி பிறந்துருச்சு. ஜன்னலைத் திறந்தா பொம்மை பறக்குது, மூடினா நான் வேகுறேன். ஃபேன் போட வழியே இல்லையா?

தாளக்கணக்கு | 20 ஜூலை

இல்ல. மேசை ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறது, அட்டைப்பெட்டியால மறைப்புக் கட்டுறது எல்லாம் பேச்சுக்குத்தான். பொம்மை பறக்காது, அரை மில்லிமீட்டர் நடுங்கும், அது படத்துல தெரியும். 12 படம் எடுத்துட்டு ஃபேனுக்கு அடியில ரெண்டு நிமிஷம் நிக்கிறதுதான் நடைமுறை. இல்லேன்னா ராத்திரி பத்துக்கு மேல உட்காருங்க. வியர்வைக் கை பட்டா அட்டை ஓரம் பொங்கி நார் நாராத் தெரியும், குச்சியால நகர்த்துங்க. மூங்கில்குச்சி கோவிச்சுக்க வேணாம்.

தாளக்கணக்கு | 27 ஜூலை

லைட் பத்தி யாருமே கேக்கல. ஆனா கத்தரிக்கோல் அனுப்பின துண்டுல படம் விட்டுவிட்டு மங்குது.

முதல் காரணம், போனோட ஆட்டோ. எக்ஸ்போஷர், ஃபோகஸ், வெள்ளைச் சமன் மூணையும் பூட்டணும். ரெண்டாவது, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி செகண்டுக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை 1/50 செகண்ட் இல்லாட்டி 1/25 செகண்ட்ல வச்சா ஒவ்வொரு படத்துலயும் முழுத் துடிப்பு அடங்கிரும். மூணாவது, சாயங்காலம் வோல்டேஜ் இறங்குறது. அதுக்கு யூஎஸ்பி எல்இடி பட்டையை பவர் பேங்க்ல ஓட்டுறதுதான் நிம்மதி, கரண்ட் போனாலும் கவலையில்ல. ஆனா பவர் பேங்க் சிலது இழுவை கம்மியா இருந்தா தானே அணைஞ்சுரும். இன்னொரு பட்டையைச் சேர்த்து மாட்டினா முழிச்சிருக்கும்.

லைட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல 30 சென்டிமீட்டர் விடுங்க. 5 மில்லிமீட்டர் கண்ணாடியைப் படம் பிரேம் போடுற கடையில 50க்கு 35 சென்டிமீட்டரா வெட்டி, ஓரம் தேய்ச்சு வாங்கணும். அடியில 3 மில்லிமீட்டர் பால்வெள்ளை அக்ரிலிக். கட்டுப்படியாகலேன்னா பட்டர் பேப்பர் ரெண்டு, ஒண்ணுக்கொண்ணு 2 சென்டிமீட்டர் தள்ளி.

அந்தப் பட்டர் பேப்பர்லயே யானைமலையை வெட்டிக் கண்ணாடியில போடுங்க. ஒரு அடுக்குன்னா வெளிர் சாம்பல், ரெண்டுன்னா கொஞ்சம் கறுக்கும். தூரம் தானா வந்துரும். மதுரைக்காரனுக்கு அந்த ஒரு கோடே போதும், ஊர்ப் பேர் போட வேண்டாம்.

கத்தரிக்கோல் | 12 அக்டோபர்

540 படத்துல 400 முடிஞ்சுது. மழை ஆரம்பிச்ச பிறகு பொம்மை கை கால் வளையுது. போதாக்குறைக்கு நேத்து ராத்திரி ஈசல். நாலு படத்துல கரகத்துக்கு மேல கிளியோட சேர்ந்து அதுவும் ஆடியிருக்கு.

தாளக்கணக்கு | 12 அக்டோபர்

நாலு படம்னா செகண்ட்ல மூணுல ஒரு பங்கு, மேளத்துக்குள்ள யாரும் கவனிக்க மாட்டாங்க. தட்டுல வந்து உட்கார்ந்திருந்தா அப்படியே விட்டுருங்க. இல்லேன்னா அந்த நாலை மட்டும் அழிச்சுட்டு, முந்தின படத்தைத் திரையில மங்கலாக் காட்டுற வசதியை ஆப்ல போட்டுக்கிட்டு, அதும் மேல பொருத்தி எடுங்க. மழை விட்ட ராத்திரி வீட்டு லைட்டை எல்லாம் அணைச்சுட்டு வாசல் லைட்டை மட்டும் போட்டா ஈசல் அங்க போயிரும்.

வளையுற அட்டையை அயர்ன் பண்ணாதீங்க. ராத்திரி முழுக்க ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்சு மேல தடிப் புத்தகம். இன்னொரு பொம்மை வெட்டினா அட்டையை மூணு மெலிசா எடுத்து, நடு அட்டையோட நார் ஓட்டம் மட்டும் மத்த ரெண்டுக்கும் குறுக்கா இருக்குற மாதிரி ஒட்டி வெட்டுங்க, வளைவு குறையும்.

தாளக்கணக்கு | 13 அக்டோபர்

ஒட்டச் சொன்னேனே, எதாலன்னு சொல்லல. மைதாப் பசைன்னா கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கணும், பைண்டிங் பண்றவங்க அப்படித்தான் கலப்பாங்க. இல்லாட்டி படம் முடியுறதுக்குள்ள ராமபாணப் பூச்சி பாவாடையைத் தின்னுரும். மயில்துத்தம் விஷம், பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க.

கத்தரிக்கோல் | 2 நவம்பர்

540ம் முடிஞ்சுது. மேளமும் பொம்மையும் ஒண்ணாத்தான் நிக்குது. 41ஆவது தட்டு மட்டும் ஒரு படம் பிந்துது.

நாயனம் | 2 நவம்பர்

அது தவில்காரர் முந்தின இடம். 41ஆவது குறியைப் பெரிசாக்கிப் பாருங்க, தாளத்து மேல வச்சிருப்பீங்க, அடி அதுக்கு முன்னாலயே விழுந்திருக்கும்.

கத்தரிக்கோல் | 2 நவம்பர், ராத்திரி

ஆமாண்ணே. ஜால்ரா மேல வச்சிருக்கேன்.